துணியைப் பார்த்தேன், தண்டவாளத்தைப் பார்க்கலைங்க

இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு வயசு மகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய ரோலர் கோஸ்டர்.

"வேண்டாம்மா, பயமா இருக்கு" என்றாள்.

அதை ஓட்டுகிற அண்ணன் சிரித்தார். "ஏனுங்க, கம்பிக்கெல்லாம் புதுசா துணி சுத்தியிருக்குதுங்க. தைரியமா உக்காருங்க."

மடிமேல் வந்து விழுகிற இரும்புக் கம்பியில் பனியன் துணி சுற்றியிருந்தது. நான் பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருக்கிறவள் இல்லையா, கை தானாகப் போய்த் தடவியது. கனமான, நல்ல துணி. அந்த நம்பிக்கையில், "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

முதல் வளைவிலேயே தூக்கி அடித்தது. அவளை இழுத்து அணைத்ததில் என் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இறங்கும்போது உதட்டில் ரத்தம்.

அழவில்லை. ஐஸ்கிரீம் நீட்டினேன், வாங்கவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களேம்மா?"

தைலம் தேய்த்தும் கழுத்தை இடதுபக்கம் திருப்ப முடியவில்லை. அந்தப் பக்கம்தான் அவள் தூங்குகிறாள். முகத்தைப் பார்க்க மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை அவளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். கேட்டில் என் கையை விடமாட்டாள். அப்போது சொல்வதற்கு என்னிடம் இருந்தது அந்த 'ஒண்ணும் ஆகாது' என்கிற ஒரு வார்த்தைதான். அதை இன்னிக்கே செலவழித்துவிட்டேன்.

வேறு வார்த்தை வைத்திருக்கிற அம்மாக்கள் கமென்ட்டில் சொல்லுங்க. துணி சுற்றாததாக இருந்தால் நல்லது.