பாதி பாட்டில் பிரேக் ஆயில்

நெரெய்தா காரில் ஏறமாட்டாள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். புருஷன் எவேலியோ ஹவானாவில் நாள் முழுக்க ஊராரை ஏற்றி இறக்கும் டாக்ஸிக்காரன். அவளோ பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பாள். முன்பொரு முறை விபோரா மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் குழாய் துருப்பிடித்து வெடித்தது. கார் ஒரு சுவரில் மோதித்தான் நின்றது. இடுப்பில் கம்பி வைத்து வீடு திரும்பியவள் அதன்பின் அந்தக் கதவைத் தொடவில்லை. சண்டையும் போடவில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான்.

கார் ஐம்பதுகளின் செவ்ரோலே. கியர்பாக்ஸ் மட்டும் ரஷ்ய ஜீப்பினுடையது. கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து எண்ணெய் குடிக்கும்படி எவேலியோவே குழாய் இழுத்திருந்தான். சிலிண்டருக்குள் போகும் வாஷர்களை, எந்த எண்ணெயிலும் ஊறாத கழிவு ரப்பரில் வெட்டிக்கொள்வான். பிரேக் ஆயிலும் வீட்டுச் சரக்குதான். விளக்கெண்ணெய் கிடைத்தால் அதில் சாராயம் கலப்பான். கிடைக்காத வருஷம் மெஷின் எண்ணெய். கம்பெனிச் சரக்குக்கு இது ஒரு மாற்றும் குறையாது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். வண்டி ஓடியது. அதைவிடக் கூடுதலாக நான் பாராட்டமாட்டேன்.

மியாமியிலிருந்து அவன் தங்கை, ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் ஒரு பொதி அனுப்பினாள்: பிரேக்குக்கும் கிளட்சுக்கும் புது வாஷர்கள், ஒரு கறுப்பு பாட்டில் நிறைய அசல் பிரேக் ஆயில். எவேலியோ சீலை உடைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் முகரக் கொடுத்துவிட்டு, பாட்டிலை அடுப்படி அலமாரியில் வைத்தான். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகக் கழற்றிச் சாராயத்தில் கழுவினான். குழாய்களை மாற்றினான். புது வாஷர்களைப் போட்டு, பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பி, காற்றை வெளியேற்றினான். சில நாள் தனியாக ஓட்டிப் பார்த்தான். பிறகுதான் அவளிடம் பேசினான்.

“ஞாயித்துக்கிழமை உன் அக்கா வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இந்தத் தடவை என் சரக்கு ஒரு சொட்டுகூட இல்ல, கிழவி.”

ஞாயிறு காலை அவள் தலைமுடியைச் சுருட்டி முடித்து, நல்ல கவுனோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

தெருமுனையிலிருந்து ஏறும் மேட்டில் பாதி போனபோது கிளட்ச் மிதி உள்ளே போய்த் திரும்பவில்லை. மிதிக்காமலே பிரேக் இறுகி முன்சக்கரங்கள் புகைந்தன. கார் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. நடைபாதையில் போன ஒருவர், “எவேலியோ, பன்னி வறுக்கிறியா? தோல் பாகத்தை எனக்கு வையி” என்றார். ஓடிவந்த எங்களுக்கும் சிரிப்புத்தான்.

எவேலியோ சக்கரங்களுக்குக் கல் வைத்து, சிலிண்டரைத் திறந்து வாஷரை உருவினான். ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தது. விரலை முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான்.

“இது என் எண்ணெய்” என்றான். மெஷின் எண்ணெய் பட்டால் அந்த அசல் ரப்பர் ஊறிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அது உள்ளே எப்படிப் போனது என்பதுதான் தெரியவில்லை. “சத்தியமா நான் ஊத்தல, கிழவி.”

நெரெய்தா முன்சீட்டிலிருந்தே தலையை நீட்டினாள்.

“நான்தான்” என்றாள். “பாதியை எடுத்து வச்சேன். அடுத்த தடவைக்கு எங்க போவ? மிச்சத்துக்கு உன்னுதை ஊத்தி வச்சேன். ரெண்டும் ஒண்ணுன்னு நீதானே சொல்லுவ?”

எங்கள் காப்பித்தூளில் பாதி வறுத்த பட்டாணி. அவள் செய்ததை எந்த வீட்டு அடுப்படியும் செய்திருக்கும். அதுதான் எங்கள் சிரிப்பை நிறுத்தியது. காரை நம்பாத ஒரே ஆள், மறுபடியும் பிரேக் போகுமே என்ற பயத்தில் அந்தப் பிரேக்கைக் கெடுத்திருந்தாள்.

எண்ணெயை வடித்ததும் சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன. இப்போது வண்டிக்குப் பிரேக்கே இல்லை. பின்னோக்கி இறக்க வேண்டும். எவேலியோவுக்கு ஸ்டீயரிங்குக்கே இரண்டு கையும் போதாது. எண்ணெய் இல்லாமல் கம்பியில் இழுபடும் கைபிரேக் நடுவில் இருந்தது, அதற்கு ஓர் ஆள் தேவை. நான் கதவருகே போனேன். அவள் இறங்கவில்லை.

“நீங்க கல்லை வைங்க. இது என்கிட்ட இருக்கட்டும்.”

“உனக்குப் பைத்தியமா? எறங்கு” என்றான் எவேலியோ.

“ஓட்டு.”

நாங்கள் கல்லை எடுத்தோம், வைத்தோம். வண்டி நகர்ந்தது, நின்றது. கீழே சமதரைக்கு வந்த பிறகும் அவள் விரல்கள் பிடியை விடவில்லை. எவேலியோ அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.