கற்பூரவள்ளிக்கு ஒரு தண்ணீர்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கோயிலில் நேரில் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது.

சாணார்பட்டிப் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம். தண்ணீர் குறைவு என்பதால் கற்பூரவள்ளி வாழை போட்டேன். மற்ற வாழையைவிட வறட்சியைத் தாங்கும். ஆனால் குலை தள்ளும்போது அதற்கும் தண்ணீர் வேண்டும். போன சித்திரையில் சரியாக அந்த நேரம் போர்க்குழாய் வற்றிவிட்டது. இலைகள் மடிந்து தொங்கின. பார்க்கவே முடியவில்லை.

பழைய கிணற்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மேலிருந்து இழுத்தால் எட்டவில்லை. நானும் என் மனைவியின் தம்பி பாண்டியும் ஒரு டீசல் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் பாறைத் திட்டில் இறக்கினோம். புகை உள்ளேயே தங்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அரை மணி நேரம் ஓடி எஞ்சின் நின்றது. அதைத் திரும்ப ஓட்டப் பாண்டி படியில் இறங்கினான்.

"ஒரு தண்ணி பாஞ்சாப் போதும் மச்சான், கொலையெல்லாம் தெரண்டுரும். வியாபாரிகிட்ட நான் பேசுறேன். நீங்க போனா சும்மா குடுத்துட்டு வந்துருவீங்க."

"பாத்து எறங்கு மாப்ள."

"எங்கக்காகிட்டயாவது பேசுறீங்களா, அதுவும் சைகைதானா?"

சிரித்துக்கொண்டே போனான். அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தான். ஒரு கால் திட்டுக்கு வெளியே தொங்கியது.

பத்துப் படி இறங்கினேன். தலை சுற்றியது. பயந்து மேலே ஏறிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரண்டு தோட்டம் தள்ளி ஒரு கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பாறை துளைக்கும் கம்ப்ரசர் இரைந்துகொண்டே இருந்தது. அதைத் தாண்டி என் குரல் எங்கே கேட்கும்?

"முருகா, என் சத்தத்தை நீ கொண்டுபோ" என்று கும்பிட்டேன்.

கம்ப்ரசர் நின்றது.

கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "ஆளு உள்ள கெடக்கு! ஓடியாங்க!"

ஓடி வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி என்னைப் பிடித்துத் தள்ளினார். "ஏலே, யாரும் எறங்காதீங்க! பொகை நிக்குது! வண்டியக் கொண்டாங்கடா!"

கம்ப்ரசர் டிராக்டரைக் கிணற்றடிக்கே ஓட்டி வந்து, குழாயை உள்ளே விட்டுக் காற்றை அடித்தார்கள். பிறகு ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். பாண்டியை மேலே தூக்கியபோது மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் கண் திறந்தான். "மச்சான், தண்ணி பாஞ்சுச்சா?" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் மேஸ்திரியிடம் கேட்டேன், அந்த நேரத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று.

"டீ வந்துச்சுண்ணே. எப்பவும் பதினோரு மணிக்குத்தான் வரும். அன்னைக்கு என்னமோ முன்னாடியே வந்துருச்சு."

பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பாதி வாழைக்குமேல் சாய்ந்துவிட்டது. மிச்சத்தில் விரல் மாதிரி காய்த்தது. அதில் ஒரு குலையைப் பாண்டியே தோளில் சுமந்து பழனி மலை ஏறினான். நான் பின்னால் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். இப்போது யார் கிணற்றுக்குள் எஞ்சின் இறக்கினாலும், தெரியாதவர்களாக இருந்தாலும், போய்த் தடுக்கிறேன்.

துன்பம் வந்தால் கூச்சப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஆட்களையும் கூப்பிடுங்கள். எனக்கு வந்தவன் உங்களுக்கும் வருவான்.

எழுத வேண்டும் என்று பல மாதம் தள்ளிப்போட்டு, இன்று எழுதி முடித்தேன்.

கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை.