செருப்பு கழன்றது தெரியாத கால்கள்

இங்கிலாந்துக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் குளிருக்குப் பழகிவிட்டேன், ஓயாத தூறலுக்கும் சாயங்காலம் நாலு மணிக்கே கவிந்துவிடும் இருட்டுக்கும் பழகிவிட்டேன். என் காலை இன்னொருவர் தம் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதற்கு மட்டும் பழக முடியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இங்கே ஆண்டுக்கு ஒருமுறை கால் பரிசோதனை உண்டு. எங்கள் தெருக்கோடியில் உள்ள சர்ஜரிக்குப் போக வேண்டும். பயந்துவிடாதீர்கள், குடும்ப மருத்துவரின் கிளினிக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். போன குளிர்காலத்தில் அங்கே ஹெலன் என்ற நர்ஸ், என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர், குட்டை முக்காலியில் உட்கார்ந்து என் பாதத்தைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். யார்மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நாமக்கல் பக்கத்து ஆள் நான். என் கை தானாக அவர் தோளை நோக்கிப் போய், பாதியில் சுதாரித்துத் திரும்பியது. “சாரி” என்றேன். “வலிக்கிறதா?” என்றார். “இல்லை, எங்கள் பக்கம் காலை இப்படி...” என்று இழுத்தேன். அவர் என் பாதத்தைச் செல்லமாகத் தட்டி, “கவலையே படாதே, இதைவிட மோசமான கால்களை எல்லாம் பார்த்திருக்கிறேன்” என்றார். என் கால் அழகாக இல்லை என்று நான் வெட்கப்படுவதாக அவர் நினைத்துக்கொண்டார். விளக்கிச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருந்தது, தெம்பு இல்லை.

கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் தெரிந்தது. பிறகு கணினியைப் பார்த்தபடி, “மெட்ஃபார்மின் எத்தனை காலமாகச் சாப்பிடுகிறாய்? பி12 எப்போதாவது பார்த்தார்களா?” என்று கேட்டார். “என் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது” என்று பெருமையாகச் சொன்னேன். “நான் கேட்டது அது இல்லையே” என்று சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அது சர்க்கரைக்கு நல்ல மாத்திரைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது, உணவில் இருக்கும் பி12 விட்டமினை உடல் எடுத்துக்கொள்வதைச் சிலருக்குக் குறைத்துவிடும். நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது இல்லாமல் ஆகாது. குறைந்தால் கால் மதமதக்கும், எரியும், மரத்துப்போகும். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறும் அச்சு அசலாக இப்படியே இருப்பதால், எல்லோரும் சர்க்கரை என்றே முடிவு கட்டிவிடுவார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் தவிர மற்றதில் அது பெரும்பாலும் கிடையாது. அதனால் சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு என் கால் மறந்துவிட்டது. ஊரில் இருக்கும் அக்காவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லுக்கு வடக்கே புதுச்சத்திரம் பக்கம் அக்காவுக்கும் மாமாவுக்கும் முட்டைக்கோழிப் பண்ணை. எனக்குச் சர்க்கரை வருவதற்கு வெகுகாலம் முன்பே அவளுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அதே மெட்ஃபார்மின் மாத்திரையை, பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தாள். கூடவே வயிற்றெரிச்சலுக்கு ஒரு கேஸ் மாத்திரை. அவளைப் போல நோய்க்கு அடங்கி நடந்தவர்களை நான் பார்த்ததில்லை. இனிப்பை விட்டாள். பால் சர்க்கரைக்கு ஆகாது என்று யாரோ சொல்லக் கேட்டு வெறும் வரக்காப்பிக்கு மாறினாள். கறி, மீன், முட்டை என்று கவுச்சியை அதற்கும் முன்பே விட்டிருந்தாள். நாளெல்லாம் கோழிக் கொட்டகை நாற்றத்தில் கிடப்பவளுக்குக் குமட்டுகிறது போலும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, மேலே கேட்காமல் இருந்துவிட்டேன். ரத்தம் பார்க்கும்போதெல்லாம் சர்க்கரை ஒழுங்காக இருக்கும். “கன்ட்ரோல்ல இருக்குதுங்களாம்” என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு விடுமுறையில் குஞ்சுக் கொட்டகையில் அவளோடு நின்றது நினைவிருக்கிறது. நாலைந்து குஞ்சுகள் விரல் சுருண்டு, எழ முடியாமல் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்துக் காலை நீவிப் பார்த்தவள், “விட்டமின் பத்தல” என்றாள். அவ்வளவுதான். எந்த டாக்டரும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மருந்தை அளந்து ஊற்றிக் கலக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நான் கிளம்புவதற்குள் அவற்றில் பாதிக்கு மேல் எழுந்து ஓடிக்கொண்டிருந்தன. தீவனத்திலும் மக்காச்சோளம், சோயாவோடு விட்டமின் பவுடர் சேர்க்காமல் ஒரு நாளும் அரைக்கமாட்டார்கள். அங்கே ஒரு கோழிக்குக்கூட அந்தக் குறையை நீடிக்க விட்டதில்லை.

ஹெலனிடம் போய்வந்த அன்றே அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். “கால் எப்படி இருக்குதுங்க்கா?” என்றதும், “அதுக்கென்ன சாமி, சுகர் காலுக்கு எறங்கிருச்சு. ராவானா எரியும். இந்த ஊட்டுல சுகர் இருந்தா அப்படித்தான்” என்று சிரித்தாள். எங்கள் அம்மாவும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பி12 பார்க்கச் சொன்னேன். “பாக்கலாம், நீ வா” என்றாள். வாரம் தவறாமல் அவளோடு பேசுகிறவன் நான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். வீடியோவில் முகம்தான் தெரியும். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் நம் அழைப்பை எடுக்கிறார்கள். எழுந்து நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை.

பங்குனியில் விடுப்பு கிடைத்ததும் போனேன். டாக்சிச் சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், காலை அகட்டி வைத்து, ஒவ்வோர் அடியையும் தொப்பென்று போட்டு வந்தாள். சுவரில் ஒரு கை. ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. இன்னொன்று நாலு எட்டுக்குப் பின்னால் கிடந்தது. கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துவந்து குனிந்து மாட்டிவிட்டேன். “அட, காலைத் தொடாத சாமி” என்று பதறினாளே தவிர, என் கை பட்டதை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மாமா தனியாக வந்து சொன்னார்: “மூஞ்சி கழுவக் கண்ண மூடுனா ஆடிப்போயர்றா மாப்ள. பாத்ரூம்ல ரெண்டு தடவ உழுந்துட்டா. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டா.”

மறுநாளே சேலத்துக்கு ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் அக்காவைப் பார்த்து, “முட்டை, கறி, மீன் எல்லாம் சாப்பிடறதில்லையாம்மா?” என்றார்.

“இல்லீங்க.”

“கோழிப்பண்ணைன்னு சொன்னீங்க?”

அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமாதான் சொன்னார். “இவனுக்கு மொதத் தடவ விசா கெடைக்கலீங்க. அப்ப பழனிக்கு நேந்துக்கிட்டா. தம்பி வெளிநாடு போயிட்டா கவுச்சி தொடமாட்டேன்னு.”

இத்தனை ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. டாக்டர் பேசிக்கொண்டே போனார். பி12 மிகவும் குறைந்திருக்கிறது. சர்க்கரையால் எவ்வளவு, இதனால் எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்வது கடினம். ஊசி போட்டால் இதற்குமேல் கெடாமல் இருக்கும், கொஞ்சம் தேறும். ஆனால் போன உணர்ச்சி முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருக்கலாம். அந்தக் கடைசிச் சொற்களை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா மெதுவாகக் கேட்டாள்: “இது எங்க கோழிக்குப் போடறமே, அந்த விட்டமினுங்களா?” “அந்தப் பவுடர்ல இதுவும் இருக்கும்மா” என்றார். “கோழி கால மடக்குனா எனக்கு ஒடனே தெரியுங்களே” என்று சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரைதான் இன்றைக்கும் என்னையும் அவளையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது, பி12 பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரில் உங்கள் அம்மாவோ அண்ணனோ பல ஆண்டுகளாக அதைச் சாப்பிடுகிறவர்களானால், போனை மேசைமேல் வைத்துவிட்டு நாலு எட்டு நடந்து காட்டச் சொல்லுங்கள். வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவம் படித்தவன் இல்லை நான், அக்காவைப் பறிகொடுக்காமலே பாதி பறிகொடுத்தவன்.

சிவப்பாக இருக்கும் அந்த பி12 ஊசியை முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்றாகவும் போட்டார்கள். எரிச்சல் தணிந்தது. இந்தக் குறையால் வந்திருந்த நாக்குப் புண்ணும் ஆறியது. முகத்தில் ரத்தக் களை திரும்பியது. காலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. பண்ணைக்குள் இப்போது அவள் தனியாகப் போவதில்லை.

விடுப்பு முடிந்து நான் கிளம்பிய நாள் காலையில் அக்கா அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளும் மரத்திருந்ததால் ஓடு பிடிபடாமல் நழுவியது. நான் கை நீட்டியும் தரவில்லை. “ஊசி போதும், முட்டை கட்டாயமில்லைன்னு டாக்டர் சொல்லீட்டாரு. இருந்தாலும் எனக்காக ஒண்ணே ஒண்ணு தின்னுங்கக்கா. நான் வெளிநாடு போயி எத்தன வருசமாச்சு, வேண்டுதல் எப்பவோ தீந்துபோச்சுங்களே” என்றேன்.

“அது எப்படித் தீரும்? நீ அங்க நல்லா இருக்கற வரைக்கும்னுதான நேந்துக்கிட்டேன்.”

வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மாமா, “அப்ப அவன் ஊருக்கே வந்துட்டா திம்ப” என்றார், விளையாட்டாகத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள். அங்கே பிள்ளைகளின் பள்ளி, என் வேலை, கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீடு எல்லாம் கண்முன் வந்து நின்றன. வந்துவிடுகிறேன் என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். “ஆறிப்போவுது, தின்னு சாமி” என்று முட்டையை என் கையில் வைத்தாள். அவள் விரலுக்குத் தட்டுப்படாத ஓட்டுத் துணுக்குகள் என் பல்லில் நறநறத்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். துப்பாமல் மென்று விழுங்கினேன்.