பதினாலு நாள் என்று நான் சொன்ன பொய்

கிராம்பு வாசம் துணியில் ஏறிவிட்டால் லேசில் போகாது. கோலாலம்பூர் போய் வந்த என் நீலச் சுடிதார் நாலு தடவை துவைத்த பிறகும் மணத்துக்கொண்டே இருந்தது...

அப்போது போர்ட் பிளேரில் ஒரு சின்ன ஏற்றுமதி உதவி ஆபீஸில் எனக்கு வேலை. தீவுச் சரக்கை, அதை வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். அந்த வருஷம் ஐந்து வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு மலேசியா கிளம்பினோம். அதில் ஒருத்தி கதீஜா. பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

சிப்பிகாட்டில் ஏழு குடும்பங்களின் கிராம்பை, தானே விற்றுத் தருவதாக வாக்குக் கொடுத்து வாங்கியிருந்தாள். மூட்டைகள் எல்லாம் சாத்தம் துறைமுகம் போகிற வழியில் அவள் வாப்பாவின் குடோனில். மழை பிடித்துவிட்டால் ஈரம் ஏறி, பூஞ்சை பூத்து, அத்தனையும் குப்பைக்குத்தான்.

தீவில் மே மாதமே மழை இறங்கிவிடும். நாங்கள் கிளம்பியதோ ஏப்ரல் கடைசி.

பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கூப்பிடு தூரம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போனேன். வழியெல்லாம் எங்கள் ஆபீஸர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது.

"பையர் என்ன கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதம்மா."

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் ஹால். ஒரு பையருக்குப் பதினைந்து நிமிடம், முடிந்ததும் மணி அடிப்பார்கள். எங்கள் ஆட்கள் நாலு பேரும் வெறும் விசிட்டிங் கார்டோடு எழுந்து வந்துவிட்டார்கள். மிச்சம் கதீஜா மட்டும். அவளுக்கு இங்கிலீஷ் புரியும், பேசத்தான் வாய் வராது. அதனால் பக்கத்தில் நான்.

எதிரே மசாலா கம்பெனி நடத்தும் ஒரு சீனப் பெரியவர். அவர் பக்கத்தில் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்த இளம்பெண் தலையையே தூக்கவில்லை.

கதீஜா டிஃபன் பாக்ஸைத் திறந்து நகர்த்தினாள். அவர் ஒரு கிராம்பை எடுத்து நகத்தால் அழுத்தினார். எண்ணெய் கசிந்தது. அவர் முகம் மலர்ந்தது. இவர் வாங்கிவிடுவார் என்று எனக்குப் பட்டது.

"ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் சரக்கு சென்னைத் துறைமுகத்துக்கு வரும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கதீஜா என் பக்கம் திரும்பினாள். "மழைக்காலத்துல ஷிப் எப்போ கிளம்பும்னு யாருக்குடி தெரியும்? பத்து நாளும் ஆகும், மாசமும் ஆகும். அப்படியே சொல்லு."

நான் அப்படியே சொல்லவில்லை.

"ஃபோர்ட்டீன் டேஸ், சார்" என்றேன்.

டேபிளுக்கு அடியில் கதீஜா என் காலை ஓங்கி மிதித்தாள். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் நோட்டில் பதினாலு என்று எழுதினார்.

அப்போதுதான் அந்த இளம்பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா... அவங்க சொன்னது அது இல்லையே" என்றாள். நல்ல தமிழ்! பிறகு பெரியவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார்.

அந்த ஏழு வீட்டு மூட்டைகளையும் நானே கடலில் கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன். ஹாலின் கோடியில் மணிக்காரர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதீஜா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சார்... மை பிளேஸ், ஐலண்ட். ஷிப் நோ கம், ரைஸ் நோ கம். ஸோ எவ்ரி ஹவுஸ், டூ ஷிப் ரைஸ் கீப்பிங். ஆல்வேஸ்."

பெரியவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அரே, எப்படிச் சொல்றது..." என்று முனகிவிட்டு அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னாள். "எங்க ஊர்ல ரெண்டு ஷிப் வரலைன்னாலும் அடுப்பு எரியற மாதிரி வீட்டுல சாமான் வச்சிருப்போம். அதே மாதிரி ரெண்டு ஷிப் சரக்க முன்னாடியே சென்னையில வச்சுடறேன். மண்ணடியில எங்க சாச்சி வீடு இருக்கு. சார் கேட்டா அங்கேர்ந்து போகும், தீவுலேர்ந்து இல்ல."

அந்தப் பெண் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பெரியவர் எழவில்லை. பேனாவைத் திறந்து, பதினாலை அடித்துவிட்டு, "சரக்கு சென்னைக்கு வந்ததும் தகவல் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் ஃப்ளைட்டில் முன் சீட்டுத் திரையில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. நம் தீவுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தன. நேராக இறங்க ஃப்ளைட் கிடையாது, அதைத் தாண்டிச் சென்னைக்குப் போய், திரும்பி வந்தால்தான் வீடு! அதைப் பார்த்தபடியே கதீஜா சொன்னாள்.

"நீ எனக்காகத்தான் சொன்னேன்னு தெரியும்டி. ஆனா இனிமே எனக்காகப் பேசாத. தப்பா இருந்தாலும் நானே பேசிக்கறேன்."

அழுகையாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. அந்த வாரக் கப்பலில் மூட்டைகளை ஏற்றி, அது கரையை விட்டு நகரும்வரை கதீஜா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த கப்பல் வெதர் சரியில்லை என்று பதினெட்டு நாள் அசையவே இல்லை. அந்தப் பதினெட்டு நாளுக்குள்தான் மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்தது. மண்ணடியிலிருந்து சரக்கு போனது.

நான் சொன்ன பதினாலை நம்பியிருந்தால்? ஆர்டர் வந்த அன்றைக்கு மூட்டைகள் எல்லாம் மழை ஈரத்தில் குடோனிலேயே கிடந்திருக்கும்.

இப்போது நான் கடலுக்கு இந்தப் பக்கம், மெயின்லேண்டில். வேலை அதேதான், ஆனால் பையர் மீட்டிங் எல்லாம் வீடியோ காலில். டிஃபன் பாக்ஸ் இல்லை, மணிக்காரர் இல்லை, துணியில் எந்த வாசமும் ஏறுவதில்லை. கதீஜா தன் பையர்களிடம் தானே பேசிக்கொள்கிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

ஒவ்வொரு காலிலும் யாராவது ஒரு பையர், "எத்தனை நாளில் வரும்?" என்று கேட்கிறார். கேட்டவுடன் என் கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் பின்வாங்குகிறது.

பக்கத்தில் மிதிக்கத்தான் ஆள் இல்லை...