காருக்குள் கிடந்திருக்க வேண்டிய சத்தம்

ரூஜ் பகுதியில் மச்சாளின் வீட்டுக்குத் திரும்பும் சந்தியில், வேலைக்குப் போகிற கார்களையெல்லாம் மறித்துக்கொண்டு ஒரு காட்டு வான்கோழிச் சேவல் நின்றது. எனக்கு எதற்கும் பொறுமை கிடையாது, ஹோர்னை அழுத்தினேன். அது வழிவிடவில்லை. கழுத்தை நீட்டி, உடம்பெல்லாம் குலுங்க எனக்குப் பதில் கத்தியது. மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் பதில் வந்தது. பக்கத்தில் இருந்த மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எடியே, அது உன்னோட கதைக்குது. சம்பந்தம் பேசுதோ தெரியாது, வடிவாக் கேள்." அவள் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு எண்ணம் வந்துவிட்டது. சத்தத்துக்குப் பதில் சொல்கிற பறவையைச் சத்தம் போட்டே கிட்ட வரவைத்து வேட்டையாடலாம்.

மச்சாள் என் மாமாவின் மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒருவரையொருவர் மச்சாள் என்றே கூப்பிடுவோம். ஸ்ரௌவ்வில்லில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள். நான் எதையும் பாய்ந்து தொடங்குகிறவள்: பாண் சுடுவது, தேனீ வளர்ப்பது, வள்ளம் வலிப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொரு கோடை காலத்தில் தொடங்கி, பாதியில் விட்டவள். அவள் என்னோடு வந்து, நான் விட்டபிறகும் அதைச் செய்துகொண்டிருப்பாள். வேட்டை வகுப்புக்கும் இருவரும்தான் போனோம். என் அம்மா வீட்டுக்குள் துவக்கு வரக்கூடாது என்றதால், அது அவள் வீட்டில் பூட்டிக் கிடந்தது. நான் வாங்கிச் சேர்த்ததெல்லாம் வான்கோழியை அழைக்கும் கருவிகள். அவற்றை நாங்கள் 'சத்தங்கள்' என்போம். மூடியைத் தேய்த்தால் பேடு போலக் கூப்பிடுகிற மரப்பெட்டி, குச்சியால் உரசும் கற்தட்டு, நாக்கால் அண்ணத்தோடு அழுத்தி ஊதுகிற ரப்பர் தகடு, பிறகு குலுக்கினால் சேவல் போலவே கத்துகிற ஒரு ரப்பர் குழாய். மில்லிக்கனில் சிக்னலுக்கு நிற்கும்போதெல்லாம் வாய்க்குள் தகட்டை வைத்துப் பழகினேன். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, விடிகிற நேரம், ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே எங்களுக்கு அனுமதி தந்திருந்த ஒருவரின் காட்டோரம் காரை நிறுத்தினோம். அன்று சுடுகிற முறை அவளுடையது. "வெறுங்கையோட வரவேண்டாம், வரேக்க கடையில ஒரு கோழி வாங்கிக்கொண்டு வாங்கோ பிள்ளையள்" என்று மாமா முதல் நாளே பகிடி விட்டிருந்தார். அதனால் எப்படியும் ஒரு பறவையோடு போகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எனக்கு அவளைவிட அதிகம். காரின் பின்கதவைத் திறந்துவைத்து எந்தச் சத்தங்களைக் கொண்டுபோவது என்று பேசினோம். பைகளெல்லாம் நிரம்பி வழிந்த என் வேட்டை அங்கியைப் பார்த்து அவள், "கோயில் வாசலில கச்சான் விக்கிற ஆள் மாதிரி நிக்கிறாய். பெட்டி ஒண்டு, வாய்க்குள்ள வைக்கிறது ஒண்டு, காணும்" என்றாள். குழாயைத் தானே எடுத்துப் பின்னிருக்கையில் போட்டாள். "உது காருக்குள்ள கிடக்கட்டும். நான் சேவலைத்தான் சுடப்போறன். நீயும் சேவல் மாதிரிக் கத்தினா நான் என்னெண்டு பிரிச்சறியிறது?"

"ஓம்" என்றேன். அவள் துவக்கை எடுக்கத் திரும்பியபோது குழாயை எடுத்து அங்கியின் முதுகுப் பக்கப் பைக்குள் செருகினேன். எங்கள் வீட்டில் இரண்டு நாள் பயணத்துக்கும் அம்மா குடை, போர்வை, மிளகாய்த்தூள், இன்னொரு குடை என்று அடுக்குவார். கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். எனக்கும் அதே கைப்பழக்கம். அந்தக் கணத்தில் அவள் சொன்னதை நான் மீறுவதாகவே தோன்றவில்லை. ஒரு சாமானைக் கொண்டுபோவதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவள் ஒரு மேப்பிள் மரத்தடியில் முன்னால் இருந்தாள். நான் நன்றாகப் பின்னால் இருந்து பேடு போலக் கூப்பிட்டேன். தூரத்தில் ஒரு சேவல் பதில் சொன்னது, கிட்ட வந்தது, பிறகு அடங்கிவிட்டது. அப்படி அடங்கும்போது அசையாமல் இருக்கவேண்டும் என்று இருவருக்கும் தெரியும். அவள் அசையவில்லை. நான் எழுந்தேன். பறவை வலப்பக்கத்தால் சுற்றிப் போகிறது என்று முடிவுகட்டி, அவளுக்குச் சொல்லாமல், குனிந்தபடி அவளுக்கு வலப்பக்கத்துப் பற்றைக்குள் போய்க் குழாயை எடுத்துக் குலுக்கினேன். சத்தம் அருமையாக வந்தது. இன்னொரு முறை குலுக்கினேன். பதில் இல்லை. பொறுக்கமுடியாமல், "என்ன, பயந்திட்டியோ?" என்று அவள் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

துவக்கின் வாய் என் பக்கம் இருந்தது. அவள் அதை மெல்ல நிலத்தை நோக்கித் தாழ்த்தினாள். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இலைகளின் மேல் வைத்தாள். நான் கிட்டப் போனபோதும் என் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பற்றைக்குள்ள சிவப்பாத் தெரிஞ்சுது," என்றாள். என் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே, மணிக்கட்டில், அம்மா கோயிலில் கட்டிவிட்ட நூல். சேவலின் தலையும் அதே சிவப்பு. "தாடி தெரியட்டும், பிறகு சுடுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், மச்சாள்." வசந்தத்தில் நெஞ்சில் தாடி போல மயிர்க்கற்றை தொங்குகிற வான்கோழியைத்தான் சுடலாம். அவள் அந்தச் சட்டத்தை ஒழுங்காகப் பார்த்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் வீட்டில் மாமா "எங்க கோழி?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் மச்சாள், "இவள் கத்தின கத்தில அது மார்க்கம் நகரத்தையும் தாண்டி ஓடிட்டுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பற்றைக்குள் நின்ற என்னைவிட, அந்த மேசையில் இருந்து அவளுடைய பகிடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சோறு தின்ற என்னை நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவள் காட்டுக்கு வரவில்லை. கேட்டால் "வேலையடி" என்கிறாள். தொடங்கியதை விடாதவள் இதை விட்டுவிட்டாள், விடவைத்தது நான். இப்போது மறுபடி வசந்தம். இந்தச் சனிக்கிழமை ரூஜுக்குப் போகிறேன். அன்று என்ன நடந்தது என்று மாமாவுக்கு முன்னால் நானே சொல்லப்போகிறேன், அவர் பகிடி விடத் தொடங்குவதற்கு முன்பே. பிறகு அங்கியை மேசையில் கொட்டி, எந்தச் சத்தம் கூட வரவேண்டும் என்று அவளையே எடுக்கச் சொல்வேன். அவள் காட்டுக்கு வந்தால், அவளோடு ஒரே மரத்தடியில், தோளோடு தோள் முட்ட இருப்பேன். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாளென்றால், துவக்கும் சத்தமும் இல்லாமல் சும்மா காட்டோரம் நடக்க வருவாயா என்று கேட்பேன். அதற்கும் "வேலையடி" என்றால், அடுத்த கிழமை திரும்பப் போய்க் கேட்பேன்.