பேட்டை வாசல் விளக்கு

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த வண்டிப்பேட்டையில்தான் இரவில் என் மாட்டுவண்டியை நிறுத்துவேன். பகலெல்லாம் ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவது என் தொழில். பேட்டையில் முன்பு இரண்டே அரிக்கேன் விளக்குகள், அழுது வடிந்துகொண்டிருக்கும். வண்டிக்காரர்கள் முணுமுணுக்கவே, பேட்டை முதலாளி ஒரு பெரிய சீமை விளக்கை வாங்கி, வாசலில் சாலையைப் பார்க்கத் தொங்கவிட்டார்.

முதல் நாள் அந்தியில் நான் வாசலில் நுழையவும் அவர் விளக்கைப் பற்றவைக்கவும் சரியாக இருந்தது. விளக்கேற்றினால் கும்பிடுகிற பழக்கம் யாரை விட்டது? நானும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினேன். கண் கூசிய இடப்பக்கத்துக் காளை பின்வாங்கி, வாசல் தூணில் இடுப்பை இடித்துக்கொண்டது. அன்றிலிருந்து விளக்கு எரிந்தால் அது வாசலைத் தாண்டாது. அடித்தும் பார்த்தேன், வெல்லம் கொடுத்தும் பார்த்தேன். சாலையோரம் கட்டினாலோ முனிசிபாலிட்டி ஆள் ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

செய்தி பரவி, தேக்காவில் மாடு வெட்டும் கொட்டகைக்கு மாடு பிடித்துக் கொடுக்கும் தரகன் வந்து காளையின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"பேட்டைக்குள்ள போகாத மாட்ட வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? குடுத்துடுங்கண்ணே" என்றான்.

அவன் கையைத் தட்டிவிட்டேன். கன்றாக வாங்கி நானே பழக்கிய காளை அது.

நேரே முதலாளியிடம் போனேன். "வெளிச்சம் மாட்டு முகத்துல அடிக்குது. பின்னால வண்டி நிழல்ல ஒண்ணுமே தெரியல. விளக்க உள்ள மாத்துங்க" என்றேன்.

"ஊசி விழுந்தாக்கூட எடுக்கலாம், அப்படி ஒரு வெளிச்சம்! ரோட்டுல போறவன் அதப் பாத்துத்தானே உள்ள வருவான்? உன் மாட்டுக்குக் கொழுப்பு" என்றார் அவர்.

செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கோ கோபம் வந்தால் வாய் நிற்காது. "ஊசி வேணாம் முதலாளி. பின்னால போய் ஒரு மாட்டக் கட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டதால் அவரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் வண்டியைத் தாண்டியதும் இருட்டு. தரையில் சாய்ந்து கிடந்த நுகத்தடி தடுக்கி, சாணிக் குவியலில் போய் விழுந்தார். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் வாசலில் பெரிய விளக்கு இல்லை. உள்ளே மூன்று சுவர்களிலும் சின்ன விளக்குகளை, மேலே தகர மூடி போட்டு, வெளிச்சம் தரையில் விழும்படி மாட்டியிருந்தார். எல்லாம் சேர்ந்து குடித்த எண்ணெய் பெரியது குடித்ததைவிடக் குறைவுதான் என்று பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், ஏதோ தன் யோசனை போல.

அன்று அந்தியில் தரகன் எதிர்ச் சாரியில் காத்துக்கொண்டிருந்தான். காளை வாசலில் நின்றது. அது தரையை முகர்ந்தது. பிறகு தானாக உள்ளே நடந்து போய், வழக்கமான இடத்தில் நின்றுகொண்டது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பேட்டை முழுதும் சீரான வெளிச்சம். நான் அழுததை எல்லாரும் பார்த்தார்கள்.