நாற்காலி அக்காவின் நீச்சல் குளம்

குளியலறைக் குழாயைத் திறந்ததும் நாற்காலி அக்கா ஓர் எட்டு விலகி நின்றுகொள்வார். குழாய் முதலில் தொண்டையைச் செருமும், பிறகு இருமும், அப்புறம்தான் காவி நிறத்தில் எதையோ உமிழும். "வாங்க, வாங்க! நேத்துக்கு இன்னிக்குத் தேவலையே!" என்று அதை வரவேற்பார். தண்ணீர் தெளியும்வரை, தலைவரின் வருகைக்காகக் காத்திருக்கும் வரவேற்புக் குழுவைப்போல், கையில் பல் துலக்கும் பிரஷ்ஷுடன் நிற்பார்.

தொழில், பல் மருத்துவர்களின் நாற்காலிகளைப் பழுது பார்ப்பது. வாயைப் பிளந்த நோயாளியோடு நாற்காலி பாதியில் மக்கர் செய்து, தலை கீழேயும் கால் மேலேயுமாக நின்றுவிட்டால், டாக்டர் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். கோட்டுப் பையில் எப்போதும் ஸ்குரூக்கள் குலுங்கும். எந்த நாற்காலியையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். மேலதிகாரி கூப்பிட்டுப் பதவி உயர்வு கொடுத்த அன்றைக்கும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அந்தப் பதவி உயர்வுதான் அவரை அரை வருஷத்துக்கு இந்த ஊருக்கு அனுப்பி, மாதக்கணக்கில் தங்குவோருக்கான இந்த ஹோட்டலில் இறக்கியது. கணவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "பாரு, பத்தே நாள்ல பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்ப. 'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு அன்னிக்குக் கேக்கறேன்" என்று ரயிலடியில் வாழ்த்தி வழியனுப்பியிருந்தார். எதை வேண்டுமானாலும் பொறுக்கலாம், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும் பாக்கியம் மட்டும் வேண்டாம் என்று ரயில் நகர்வதற்குள் அக்கா முடிவு செய்துவிட்டார்.

விளம்பரப் படத்தில் ஹோட்டல் பளபளத்தது. நேரில் அது தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. வாசலில் 'உங்கள் வசதிக்காகவே' என்றொரு பலகை. அதைத் தாங்கி நின்றது சிமென்ட் மூட்டை. அக்காவின் அறையில் சமையல் மேடை இருந்தது, அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த அறைக்கு மாற்றினார்கள். அங்கே கதவு இல்லை. மேனேஜர் பண்பானவர். எதைக் கேட்டாலும் "ரெண்டே நாள், மேடம்" என்பார். அவருடைய நாள், நம்முடையதைப்போல் சூரியனை நம்பிப் பிழைப்பதல்ல. வேறொருவராக இருந்தால் குரல்வளையைப் பிடித்திருப்பார்கள். அக்காவோ, "மறுபடி புது ரூமா! எந்த மாடி?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கணவரிடம் அவர் பொய் சொன்னதே இல்லை. உண்மையை நல்ல பக்கமாகச் சாய்த்து உட்கார வைப்பார், தொழில் பழக்கம்.

"ஜன்னலத் திறந்தா என்ன தெரியுது?" என்று போனில் கேட்டார் கணவர்.

"ஒரே நீலங்க! கண்ணுக்கு எட்டுற வரைக்கும்." கண்ணுக்கு எட்டியது, சாரத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்.

"அதென்ன கடகடன்னு சத்தம்?"

"இங்க எல்லாரும் ரொம்பச் சுறுசுறுப்புங்க."

"நீச்சல் குளம்னு போட்டிருந்தானே?"

"ஓ! ஒரு சொட்டு அழுக்குத் தண்ணி பாக்க முடியாது அதுல."

நல்ல தண்ணீரையும் பார்க்க முடியாது. குளம் நிறைய டைல்ஸ் பெட்டிகள். மறுமுனையில் கணவர் உருகிவிட்டார். "அப்ப வெள்ளிக்கிழமை நானும் வரேன். நாலு நாள் நீந்திட்டுப் போறேன்!"

அக்கா இடிந்துபோயிருக்க வேண்டும். சுற்றிலும் தேவையான அளவு ஏற்கெனவே இடிந்திருந்ததாலோ என்னவோ, படிகளில் தாவி இறங்கி டைல்ஸ் மேஸ்திரியைப் பிடித்தார்.

"மேஸ்திரி, வெள்ளிக்கிழமைக்குள்ள குளத்துல தண்ணி விடணும்!"

"அக்கா, அதுக்கு இன்னும் பைப்பே போடல."

"பைப்பு இல்லாட்டி என்ன, மனசு இருக்குல்ல?"

"மனசுல முங்கிக் குளிக்கலாம்க்கா. நீந்த முடியாது."

இருந்தாலும் விஷயம் பரவிவிட்டது. இடிப்பவர்களும் பூசுபவர்களும் முதன்முறையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள். பெயின்டர் அக்காவின் அறைச் சுவரை முதலில் முடித்தார். மேனேஜரின் கிரீச்சிடும் நாற்காலியை அக்கா சரிசெய்து கொடுக்க, அவர் தன் வாழ்நாளில் இல்லாத வழக்கமாக, கதவை அன்றைக்கே மாட்டவைத்தார். குழாய் காவியைத் துறந்தது. அடுப்பு பற்றியபோது தாழ்வாரமே கைதட்டியது. இனித் திட்டம் எளிது: கணவரைப் பின்பக்கப் படி வழியாக அறைக்கு ஏற்றி, வயிறு முட்டச் சாப்பிட வைத்துத் தூங்கப் பண்ணிவிட வேண்டும். நாளைய குளத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை டாக்சியிலிருந்து இறங்கியவரின் தோளில் துண்டு தயாராக இருந்தது.

"முதல்ல ரூமுக்குப் போலாங்க, பசியா இருப்பீங்க" என்றார் அக்கா.

"ரூம் எங்கயும் ஓடிப்போகாது. குளம் எந்தப் பக்கம்?"

விருந்தினர் வழி கேட்டால் கைகாட்டியே பழகிவிட்ட மேனேஜர், அக்கா கண்ணைக் காட்டுவதற்குள், "இப்படி வாங்க சார்" என்று பணிவோடு அழைத்துப் போய்விட்டார்.

டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் நின்றது. சாரத்தின் மேல் பெயின்டரின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. கணவர் பெட்டிகளைப் பார்த்தார். தோள் துண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ரயிலடியிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த வாக்கியம் அவர் முகத்தில் மெல்ல உதயமாயிற்று.

"நான் அப்பவே..."

அக்கா செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். ஏணிக் கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கி, தண்ணீர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கால் கட்டைவிரலை மட்டும் நீட்டித் தொட்டுப் பார்த்து, உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டார்.

"ஏங்க, சில்லுன்னு இருக்கு! மெதுவா இறங்குங்க" என்று ஒரு கையை மேலே நீட்டினார்.